கண்ணாடியில் ஓடிய பேச்சு

அத்தியாயம் 7

போன வாரம் வந்த பெட்டிக்குள் ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் போட்டுக்கொண்டால் எதிரில் இருப்பவர் பேசுவது கண்ணெதிரே எழுத்தாக ஓடும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள். ஓடத்தான் செய்தது. ஆனால் மூன்று நாளாக ஏதோ புரியாத பாஷையில் கோழி கிறுக்கின மாதிரி ஓடியது. வீட்டில் இருந்த மூன்று பேரும் ஆளுக்கொரு தடவை போட்டுப் பார்த்துச் சிரித்தாயிற்று. நான்காம் நாள் அதை யாரும் சீண்டவில்லை.

மூத்தவளைத் தவிர.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு அவளைப் பற்றி இரண்டு வரி. நாற்பத்து மூன்று வயது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் வேலை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காது இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சு போகவில்லை. தான் பேசுவது தனக்குக் கேட்காததால் சில சமயம் சத்தமாகவும் சில சமயம் ரகசியம் போலவும் பேசுவாள், அவ்வளவுதான். கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டே வருடத்தில் முடிந்து, அந்தக் கதையும் மூன்றாம் அத்தியாயத்தோடு முடிந்துவிட்டது. இப்போது வீட்டில் அவள், அவளைவிட ஐந்து வயது சின்னவளான தங்கை, பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா. அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது.

அந்தக் கண்ணாடி யாரும் வாங்கிக் கொடுத்ததல்ல. நூறு பேருக்கு மூன்று மாதம் சோதனைக்குத் தருகிறோம், வாரம் ஒரு முறை எப்படி இருக்கிறது என்று எழுதினால் போதும் என்று வந்த அறிவிப்பைப் பார்த்து அவளே மனுப் போட்டாள். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இளையவள் அந்தப் படிவத்தையும் அவளுக்காகத் தானே நிரப்பியிருப்பாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவளுடைய போனுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'தமிழ் வந்துவிட்டது.'

விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியை எடுத்து மாட்டினாள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இளையவள் அவளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். வலது கண்ணின் ஓரத்தில் பச்சை எழுத்து ஒன்று முளைத்தது. பிறகு ஒரு வரி.

– பல்லை அடுப்புல வச்சிருக்கேன் பொங்கிடப் போகுது

மூத்தவள் ஒரே எட்டில் அடுப்பருகே போனாள். முந்தின நாள் வேலையை முடிக்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கீழ்த்தாடை செட் மேசை மேல் பத்திரமாக இருந்தது. அடுப்பில் இருந்தது பால்.

கண்ணாடிக்கும் காது மந்தம்தான் என்று நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த கணமே உடம்பெல்லாம் சிலிர்த்தது. இளையவளின் முகத்தைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்க்கவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் பேசியதைப் படித்திருக்கிறாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

– சாவி எங்கே

– சாவி சாவி பையிலதானே போட்டேன்

– ஐயோ மணி ஏழேகால்

– இந்த மூடி ஏன் இப்படி இறுகிக்கிடக்கு

இவள் இப்படியா இருக்கிறாள் நாள் முழுக்க? தனக்குத்தானே பேசிக்கொண்டு? மூத்தவள் வியந்து போய் நின்றாள். தங்கை வாயசைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். தன்னைப் பற்றி ஏதோ அலுத்துக்கொள்கிறாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாவம், அவள் சாவி தேடியிருக்கிறாள்.

இளையவள் திரும்பினாள். அக்காவைப் பார்த்ததும் பழக்கமான வேகத்தில் காதைத் தொட்டு, நான்கு விரலைக் காட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து மெதுவாகச் சொன்னாள்.

– நாலு மணி காது டாக்டர் மறந்துடாதே

மூத்தவள் தலையாட்டினாள். கண்ணாடி வேலை செய்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தங்கை அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கூரியர் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. எட்டு மணிக்கு நாற்காலியில் இல்லையென்றால் மேலதிகாரி முகம் சுளிப்பார். சரி, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று மூத்தவள் விட்டுவிட்டாள்.

அது முழு உண்மை இல்லை. ஒரே ஒரு நாள், யாருக்கும் தெரியாமல், இந்த உலகம் என்னதான் பேசிக்கொள்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. ஒன்பது வருடப் பசி.

கூடத்தில் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கையைக் குவித்துக் காட்டினார். சாப்பிட்டேன் என்றாள். கட்டை விரலை உயர்த்தினார். கண்ணாடியில் ஒரு எழுத்துகூட ஓடவில்லை. காது போன நாளிலிருந்து அப்பா அவளிடம் கையால்தான் பேசுகிறார். அவள் அதைப் பிரியம் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

* * *

பஸ்ஸில் எழுத்து கொட்டியது.

– கொஞ்சம் தள்ளி நில்லுங்க

– அதான் சொன்னேனே அவன்கிட்ட

– எங்கே வர்றே நான் ஏறிட்டேன்

– சார்ஜர் எடுத்து வச்சியா

– நான் ஏறிட்டேன்னு சொல்றேன்ல

யார் சொன்னது என்று கண்ணாடிக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே கோடுதான். எந்த வரி எந்த வாய்க்குச் சொந்தம் என்று தேடித் தேடி அவளுக்குக் கழுத்து வலித்தது. பத்து நிறுத்தம் கடந்தபோது ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ஜனங்கள் பெரும்பாலும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. எங்கே இருக்கிறேன், எங்கே இருக்கிறாய், என்ன எடுத்து வைத்தாய், இவ்வளவுதான். தன்னைத் தவிர மற்ற எல்லோரும் ஏதோ பெரிய விருந்தில் உட்கார்ந்திருப்பதாக ஒன்பது வருடம் ஏங்கினோமே என்று நினைத்துக்கொண்டாள். கோபம் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

பல் கூடத்தில் அவளுக்கு அடுத்த மேசை பீங்கான்காரருடையது. அவள் மெழுகில் ஈறு செதுக்குவாள். அவர் பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுவார். குனிந்த தலை நிமிராத மனிதர். ஆனால் உதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். ஏதோ ஜெபம் செய்கிறார் என்று முதல் வருடம் நினைத்தாள். தன்னைத் திட்டுகிறாரோ என்று இரண்டாம் வருடம் சந்தேகப்பட்டாள். பிறகு நினைப்பதையே விட்டுவிட்டாள்.

இன்று மெழுகை உருக்கப் போட்டுவிட்டு மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

– வா ராஜா வா

– இப்படி உட்காரு ஆங் அப்படித்தான்

– உனக்கு ஏன் இவ்வளவு மஞ்சள் காபி குடிக்கிற வாயா அது

– சரி சரி கோவிச்சுக்காதே

பல்லோடு பேசிக்கொண்டிருந்தார் மனிதர்.

மூத்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையிலிருந்த செதுக்குக் கத்தி நழுவி, மெழுகு ஈறில் ஒரு கீறல் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஒன்றுமில்லை என்று தலையசைத்துவிட்டு, முடித்து வைத்திருந்த கீழ்த்தாடை செட்டை அவர் மேசைக்கு நகர்த்தினாள். அவர் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

– இவங்க கை பட்டா பல்லு தானா சிரிக்குது

அவள் சட்டென்று குனிந்துகொண்டாள். காது மடல் சுட்டது. ஒன்பது வருடமாக இதையெல்லாமா சொல்லிக்கொண்டிருந்தார்?

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து, கம்பெனிக்கான வாரக் குறிப்பில் எழுதினாள். 'பாலைப் பல் என்கிறது. இருவர் சேர்ந்து பேசினால் குழம்புகிறது. எழுத்தைப் படிப்பதில் முகத்தைப் பார்க்க மறந்துபோகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா என்று தெரியவில்லை. மற்றபடி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.'

கடைசி வரியை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, 'மிகவும்' என்பதற்கு முன்னால் இன்னொரு 'மிக' சேர்த்தாள்.

* * *

நாலு மணிக்குக் காது டாக்டரின் அறை வாசலில் இளையவள் காத்திருந்தாள். அக்காவின் முகத்தில் கண்ணாடியைப் பார்த்ததும் கட்டை விரலைக் கவிழ்த்து, 'இன்னுமா இதை மாட்டிக்கிட்டுத் திரியறே?' என்பது போல் உதட்டைச் சுழித்தாள். மூத்தவள் தோளைக் குலுக்கினாள்.

டாக்டரிடம் வருகிற நாளெல்லாம் அவளுக்கு இருட்டுதான். அவர் எப்போதும் முகக்கவசம் போட்டிருப்பார். உதடு தெரியாது. போதாததற்குக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அவர் பத்து நிமிடம் பேசினால், இளையவள் அதை இரண்டு வரியாகச் சுருக்கி, வாயசைத்தும் கையசைத்தும் சொல்வாள். அந்த இரண்டு வரிதான் மூத்தவளுக்கு வைத்தியம்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.

– தலைசுத்தல் இருக்கா

இளையவள் விரலைத் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டினாள். இல்லை என்று மூத்தவள் தலையசைத்தாள்.

– ஸ்கேன் பார்த்தேன் நரம்பு நல்லா இருக்கு இன்னும் நல்லாத்தான் இருக்கு

– சந்தோஷம் டாக்டர்

– ஆபரேஷன் விஷயம் என்ன முடிவு பண்ணீங்க

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆபரேஷனா?

– உள்ளே ஒரு கருவி வைக்கிறதுதான் நான் முதல்ல சொல்லியே அஞ்சு வருஷம் ஆச்சு தள்ளிப்போடப் போட பலன் குறையும்

– அவங்களுக்கு இஷ்டம் இல்லை டாக்டர்

– போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க ஏன்னு கேட்டீங்களா

– பயம் டாக்டர் தலையில கத்தி வைக்கிறதுன்னா அவங்களுக்கு ஒரே பயம்

எழுத்து நின்றது. டாக்டர் பெருமூச்சு விட்டது அவர் தோள் இறங்கியதில் தெரிந்தது. இளையவள் அக்காவின் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, நிதானமாக வாயசைத்தாள்.

– எல்லாம் நல்லா இருக்காம் அடுத்த வருஷம் வந்தா போதுமாம்

மூத்தவளுக்கு முதலில் தோன்றியது, கண்ணாடி தப்பாக எழுதியிருக்கும் என்பதுதான். தப்பாகவே இருக்கட்டும் என்றுகூட ஆசைப்பட்டாள். பையிலிருந்து போனை எடுத்தாள். ஓடிய பேச்சு முழுவதும் அதில் வரிசையாகப் பதிந்திருந்தது. ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். ஒரு வார்த்தை தப்பலாம், இரண்டு தப்பலாம். கேள்வியும் பதிலுமாக இத்தனை வரி சேர்ந்தாற்போலத் தப்புமா?

இளையவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்" என்றாள் மூத்தவள்.

சத்தம் கொஞ்சம் கூடிப்போயிருக்க வேண்டும். டாக்டர் துள்ளித் திரும்பினார்.

"எனக்குப் பயம்னு நான் எப்போ சொன்னேன்?"

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு இளையவளைப் பார்த்தார். பிறகு மறுபடி அவளை.

– இவங்களுக்குக் கேக்குதா

"கேக்கலை டாக்டர். படிக்கிறேன்" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினாள். "அந்த ஆபரேஷனைப் பத்தி எனக்கு யாரும் சொன்னதே இல்லை. இப்போ நீங்க சொல்லித்தான் தெரியும். கொஞ்சம் முதல்லேருந்து சொல்லுங்களேன்."

டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். இத்தனை வருடத்தில் அவர் வாயை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேல்வரிசையில் முன்பல் ஒன்று செயற்கை. மற்றப் பற்களைவிட நிறம் அரைப்பங்கு வெளுப்பு. இந்த நேரத்தில் இதைக் கவனிக்கிறோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அவர் கம்ப்யூட்டரை விட்டு முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

– காதுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஆபரேஷன்

– பழையபடி கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன் முதல்ல எல்லாம் இயந்திரம் பேசற மாதிரி இருக்கும் பழகப் பழகப் பேச்சு பிடிபடும்

– சிலருக்கு நல்லா வரும் சிலருக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும்

– அஞ்சு வருஷம் முன்னாடி செஞ்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் இப்பவும் வாய்ப்பு இருக்கு

"வேணுமா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன். நானே வந்து சொல்றேன்."

– தாராளமா ரெண்டு வாரம் எடுத்துக்குங்க ஆனா ஒண்ணு வேணும்

அவர் பார்வை இளையவளிடம் போயிற்று.

– காய்ச்சல்ல அட்மிட் ஆனப்போ இருந்த ஆஸ்பத்திரி ஃபைல் அப்போ என்னென்ன மருந்து போச்சுன்னு பார்க்கணும் எத்தனையோ தடவை கேட்டுட்டேன்

இளையவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

* * *

வெளியே வந்ததும் இளையவள் விறுவிறுவென்று நடந்தாள். பஸ் நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே போய்த்தான் நின்றாள். அங்கே வேறு யாரும் இல்லை.

– எப்போலேருந்து ஓடுது இது

"காலையிலேருந்து."

– காலையிலேருந்தா நான் பேசினதெல்லாம் படிச்சியா

"சாவி தேடினதுகூட."

– ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலை இல்ல உனக்கு கண்ணாடிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு வேவு பார்த்திருக்கே

"சொல்லியிருக்கணும். தப்புதான்." மூத்தவள் உடனே ஒப்புக்கொண்டாள். "நான் ஒரு நாள் மறைச்சேன். நீ அஞ்சு வருஷம் மறைச்சிருக்கே."

இளையவளின் முகம் சிவந்தது. வார்த்தைகள் படபடவென்று வந்தன. கண்ணாடி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடியது.

– ஒன்பது வருஷமா உனக்கு நான்தான் காது பேங்கா நான் ஆஸ்பத்திரியா நான் மேல் வீட்டுக்காரம்மா சண்டைக்கு வந்தா நான் ஒரு நாள் லீவு ஒரு ஊர் ஒரு சினிமா எதுக்காவது உன்னை விட்டுட்டுப் போயிருக்கேனா

"காதா இருந்தே. யாரு இல்லைன்னா?" என்றாள் மூத்தவள். "வாயா இருக்கச் சொல்லலையே."

இளையவளின் கன்னத்தில் நீர் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

அந்த முகத்தைப் பார்த்ததும் மூத்தவளுக்கு என்னவோ செய்தது. காலையிலிருந்து தங்கையின் பேச்சை வரி விடாமல் படித்திருக்கிறாள். தங்கையைச் சரியாகப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. நெற்றியோரம் நரை எட்டிப் பார்க்கிறது. இது எப்போது வந்தது?

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்போ சொல்லு. எழுத்துல வேண்டாம். உன் வாயைப் பார்த்தே தெரிஞ்சுக்கறேன். ஏன் வேண்டாம்னு சொன்னே?"

இளையவள் உதட்டைக் கடித்தாள். பஸ் வருகிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு நேராக அக்காவைப் பார்த்து, நான்கே வார்த்தையில் சொன்னாள்.

மூன்று வார்த்தை தெளிவாகப் புரிந்தது. '…தான் வேண்டாம்னு சொன்னாங்க, அக்கா.' முதல் வார்த்தையில்தான் சிக்கல்.

காது கேட்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் விளங்காது. அம்மா என்று சொன்னாலும் உதடு இரண்டும் ஒட்டிப் பிரியும். அப்பா என்று சொன்னாலும் அதே மாதிரி ஒட்டிப் பிரியும். பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பெற்றவர்கள் இருவரில் யாரைச் சொல்கிறார்கள் என்று மூத்தவள் எப்போதும் முன்னும் பின்னும் வருகிற பேச்சை வைத்தே ஊகிப்பாள். இந்த நான்கு வருடமாக அதுவும் தேவைப்படவில்லை. இருப்பது ஒருவர்தானே.

ஆனால் ஐந்து வருடங்களுக்கு முன்னால் அம்மாவும் இருந்தாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற அம்மா. ஊசி என்றாலே மயங்கி விழுகிற அம்மா. அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை. மூத்தவளின் மனசு அந்தப் பக்கமே சாய்ந்தது. அம்மாவாக இருந்துவிட்டால் யார் மேலும் கோபப்பட வேண்டியதில்லை. இங்கேயே அழுதுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம்.

இருந்தாலும் தெரிந்துகொள்ளாமல் போக முடியவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"யாரு? இன்னொரு தடவை சொல்லு."

இளையவள் சொன்னாள். பச்சை எழுத்து ஒரு கணம் தயங்கிவிட்டு வந்தது.

– அப்பா

"நம்ம அப்பாவா?"

– அவர்தான் முதல் தடவை டாக்டர் சொன்னதும் நான் ஓடி வந்து அவர்கிட்டதான் சொன்னேன் சந்தோஷப்படுவார்னு நினைச்சேன் இதை அவகிட்ட சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்

"ஏன்?"

– தெரியாது அக்கா சத்தியமா தெரியாது ஏன்னு கேட்டேன் அழுதுட்டார் அம்மா போனப்போகூட அவர் அழலை அதுக்கப்புறம் கேக்கவே இல்லை வருஷா வருஷம் டாக்டர்கிட்ட ஏதோ ஒண்ணு சொல்லிச் சமாளிச்சேன் ஃபைலும் அவர்கிட்டதான் இருக்கு

பஸ் வந்தது. ஏறினார்கள். உள்ளே ஜனங்கள் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் எதையும் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளையவளின் கை குளிர்ந்துபோய் மடியில் கிடந்தது. நாலு நிறுத்தம் வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்தாவது நிறுத்தத்தில் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

* * *

அப்பா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து கூடத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். மூத்தவளுடையது ஒரு அடுக்கு, இளையவளுடையது ஒரு அடுக்கு. தம்முடையதைக் கடைசியில்தான் மடிப்பார்.

இருவரும் சேர்ந்து உள்ளே நுழைவதைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். டாக்டர் என்ன சொன்னார் என்று கையை விரித்துக் காட்டினார்.

"நரம்பு நல்லா இருக்காம்பா" என்றாள் மூத்தவள்.

கட்டை விரல் உயர்ந்தது.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமாம். அஞ்சு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கலாமாம்."

உயர்ந்த விரல் அப்படியே நின்றது. அவர் இளையவளைப் பார்த்தார். அவள் கதவோரமாகச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லலை. நானே தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் மூத்தவள். குரல் உடைந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அப்பா, என் பழைய ஆஸ்பத்திரி ஃபைல் எங்கே?"

அப்பா இரண்டு கையையும் கவிழ்த்து, தெரியாது என்பதாக அசைத்தார்.

"கையால வேண்டாம்பா. வாயால சொல்லுங்க."

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் அவள் போட்டிருந்த கண்ணாடியின் மேல் போய் நின்றது. இளையவள் ஏதோ சொன்னாள். அது ஓரத்தில் வரியாக வந்தது.

– அது இப்போ நல்லா ஓடுதுப்பா நீங்க சொல்றதெல்லாம் அவளுக்கு வரும்

அப்பா எழுந்தார். மடித்த துணி அடுக்கு ஒன்று சரிந்தது, எடுத்து வைக்கவில்லை. உள்ளே போனார். பீரோக் கதவு திறந்த அதிர்வு மூத்தவளின் பாதத்துக்கு வந்தது. அவள் மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. பணம் இல்லை என்று பயந்திருப்பாரா? ஆபரேஷன் மேசையில் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்திருப்பாரா? இதற்கெல்லாம் ஒரு மனிதர் அழுவாரா? அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஃபைலில்?

பழுப்பு அட்டை போட்ட ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு அப்பா வந்தார். நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். ஃபைலை அவளிடம் தரவில்லை. மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். பேசுவதற்குக் கை இல்லாமல் அவரே செய்துகொண்டது போல இருந்தது.

அவர் உதடு பிரிந்தது.

– உட்காரும்மா

அப்பாவின் சொல் அவளிடம் வந்து சேர ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மூத்தவள் உட்கார்ந்தாள். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. அழுகிறோம் என்று அப்போதுதான் புரிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனாள். அப்பா பதறிப்போய் அவள் கையைப் பிடித்துத் தடுத்தார்.

– கழட்டாதே

– நான் சொல்றது அப்படியே வருதா

"வருதுப்பா."

– ஒரு வார்த்தை மாறினாலும் என்னை நிறுத்து திரும்பச் சொல்றேன் இதை நான் ஒரு தடவைதான் சொல்லத் துணிவேன் அதனால சரியா வரணும்

"சொல்லுங்க."

அப்பா ஃபைலின் கட்டை அவிழ்த்தார். மேலே இருந்த நாலைந்து காகிதங்களைத் தள்ளிவிட்டு, நடுவிலிருந்து ஒன்றை உருவினார். ஆஸ்பத்திரியின் அச்சடித்த படிவம். அடியில் நீல மையில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளில் வருடம் மூன்று தடவை பார்த்தது.

– அன்னைக்குக் கொடுத்த மருந்து காதை எடுத்துடும்னு எனக்கு முன்னாடியே சொன்னாங்க

– கொடுங்கன்னு எழுதிக் கொடுத்தது நான்தான்